சுருட்டுக்காரர் வீட்டுப் புகை

அந்தத் தெருவில் சுருட்டுக்காரர் வீடு எது என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் கடைசி வீட்டைக் காட்டுவார்கள். அவர் ஒரு பெயின்டர். வாழ்நாளில் மொத்தம் பாதிச் சுருட்டு பிடித்திருக்கிறார். மீதிப் பாதி அவர் கையிலேயே காற்றில் எரிந்து தீர்ந்தது.

பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு சிலிண்டர்.

தெரு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கம் கிடங்கின் பின்சுவர். மறுபக்கம் ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை, அதற்குப் பின்னால் ஒரு சமையல்கட்டு. சமையல்கட்டில் இருவர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். எல்லா வீட்டிலும் விறகடுப்பு. முதல் வீடான தையல்காரர் வீட்டில் மட்டும் கூடவே ஒரு சிலிண்டரும் இருந்தது. இலவச கேஸ் இணைப்பு கொடுக்க வந்த அதிகாரிகள் வெயில் தாங்காமல் முதல் வீட்டோடு நின்றுவிட்டார்கள். தையல்காரர் மனைவி சிலிண்டர்மேல் கையை வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றாள். மற்ற வீட்டுக்காரர்கள் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். பின்னால் நின்றவர்களுக்கும் கொடுத்தாயிற்று என்று எங்கோ பதிவாகிவிட்டது.

பிறகு தெருமுனையில் 'புகையில்லாத் தெரு' என்று ஒரு பலகை வைத்தார்கள். எழுதியது பெயின்டர்தான். கூலி கொடுத்தார்கள், எழுதினார். அன்று மாலை எல்லா வீட்டுக் கூரை இடுக்கிலிருந்தும் புகை கிளம்பி முனைக்கு வந்தது. எழுத்து காயும்வரை புகை படாதபடி அவர் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிலிண்டர் தீர்ந்ததும் தையல்காரர் வீட்டில் அதை நிரப்பவில்லை. நிரப்புகிற காசுக்கு அந்த வீட்டில் வேறு வாய்கள் இருந்தன. ஆனால் காலியான பிறகுதான் அது தெருவுக்கு உபயோகமாயிற்று. பெண்ணைப் பேச வருகிறவர்கள், கடன் கொடுக்குமுன் வீட்டை நோட்டம் விட வருகிறவர்கள், வசதியான சொந்தக்காரர்கள் என்று யார் வீட்டுக்கு யார் வந்தாலும் சிலிண்டரும் அடுப்பும் அந்த வீட்டுக்குப் போய்விடும். விருந்தாளி கிளம்பியதும் திரும்பிவிடும். தையல்காரர் மனைவி வாடகை எதுவும் வாங்குவதில்லை. கீறல் விழக்கூடாது என்பது ஒன்று. தூக்கிக்கொண்டு போகிறவர், நிறைந்த சிலிண்டரைத் தூக்குகிறவரைப் போல ஒரு பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது இன்னொன்று. தெருமுனையில் யார் நின்று பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

கீறல் விழுந்தால் பெயின்டர் தொட்டுக் கொடுப்பார். அவர் உபயத்தில் தெருவிலேயே நல்ல பெயின்ட் அந்தச் சிலிண்டரில்தான் இருந்தது.

பெயின்டருக்கு ஒரே பெண். மருந்துக்கடையில் வேலைக்கு நின்றாள். அங்கே வந்து போன ஒரு பஸ் மெக்கானிக்குக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவனுடைய அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். தரகர் மூலமாக அவள் கேட்டனுப்பியது ஒன்றே ஒன்றுதான். "வீட்ல கேஸ் அடுப்பு உண்டா? விறகு ஊதுற வீட்டுப் பொண்ணு வேணாம்."

"உண்டுன்னு சொல்லிடுங்க," என்றாள் பெயின்டர் மனைவி. சொல்லி முடிப்பதற்குள் இருமினாள். பல வருடமாக இருமிக்கொண்டிருந்ததால் அதை வீட்டில் யாரும் தனியாகக் கேட்பதில்லை. இருமி முடித்துக் கணவர் பக்கம் திரும்பினாள். "ஊர்ல இருக்கிற சமையக்கட்டெல்லாம் பளிங்கு மாதிரி ஆக்குறீங்க. நம்ம செவுரு மட்டும் ரயில் இன்ஜின் மாதிரி இருக்கு. அதைக் கொஞ்சம் பாருங்க."

அவர் பார்த்தார். அடுப்புக்கு மேலே சுவரில் ஓர் ஆள் கையை விரித்து நிற்பது போலக் கரி ஏறியிருந்தது. முறைப்படி செய்தால் சுரண்ட வேண்டும், சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், காயவிட்டு இரண்டு முறை பிரைமர் அடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயின்ட். அத்தனை நாளும் அங்கே அடுப்பு எரியக்கூடாது. வேறு எங்கே எரிப்பது? அடுக்குமாடி வேலையில் மிஞ்சிய வெள்ளையை எடுத்துக் கரியின் மேலேயே ஒரு கை அடித்தார்.

"எவ்வளவு நாள் தாங்கும்?" என்று பெண் கேட்டாள்.

"கரி உள்ளேயே இருக்காதும்மா. மெதுவா மேல வரும். அதுக்குள்ள உன் கல்யாணம் முடிஞ்சா சரி."

டோக்கன் அம்மாவும் அவள் கணவரும் வந்தார்கள். கணவர் லாரி எடைபோடும் மேடையில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசாதவர். டீயைப் பக்கத்து வீட்டு விறகடுப்பில் போட்டுப் பின்பக்கமாகக் கொண்டுவந்து, கேஸ் அடுப்பின் மேல் ஒரு நிமிடம் வைத்திருந்து, பிறகு எடுத்துக் கொடுத்தார்கள். டோக்கன் அம்மா சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பெயின்டர் அதற்கு முன்பே உள்ளே போய், சிலிண்டர் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். காலி சிலிண்டரைத் தட்டினால் மணி மாதிரிச் சத்தம் வரும். கையை அழுத்தி வைத்திருந்தால் அவ்வளவாக வராது. அவர்கள் பேசி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

"சம்பந்தி என்ன, அதை விட்டு நகர மாட்டேங்கிறாரு?" என்றாள் டோக்கன் அம்மா.

"அவருக்குக் கேஸுன்னா ரொம்ப இஷ்டம்," என்றாள் மனைவி. பிறகு இருமத் தொடங்கினாள். இந்த முறை சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினாள்.

"அண்ணி, இது சாதாரண இருமலா தெரியலையே. திங்கக்கிழமை எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. முதல் டோக்கன் உங்களுக்குத்தான். நானே கூட வரேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். மனைவி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மூச்சை இழுத்து, மறுபடி குழாய்க்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். கருவியின் முள் அசைந்ததா என்று டாக்டர் குனிந்து பார்த்தார். மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் முகத்தைத் திருப்பி, இழுத்து, கண்ணை மூடி ஊதினாள். டோக்கன் அம்மா சுவரோரமும் பெயின்டர் கதவோரமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்ல என்ன அடுப்பு? விறகா?" என்றார் டாக்டர்.

மனைவி டோக்கன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "கேஸுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நானே பாத்தேன் டாக்டர்," என்றாள் டோக்கன் அம்மா. "சிலிண்டரு பளபளன்னு இருக்கு."

"அப்போ யாரு புகை பிடிக்கிறாங்க?"

 டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இவருதாங்க," என்றாள் மனைவி.

தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பெயின்டர் திரும்பிப் பார்த்தார். கதவுதான் இருந்தது.

"எத்தனை வருஷமாப் பிடிக்கிறீங்க?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து," என்றாள் மனைவி. அவள் அந்த வீட்டு அடுப்பை ஊதத் தொடங்கியதும் அன்றைக்குத்தான். கணக்கில் தவறில்லை.

"என்ன? சிகரெட்டா?"

சிகரெட் என்றால் எந்த சிகரெட் என்று கேட்பார்கள். அவருக்கு எதன் பெயரும் தெரியாது. "சுருட்டு," என்றார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பெயின்டர் எட்டிப் பார்த்தார். சரியாகக் கழுவாமல், அவசரத்துக்கு ஒரு கை அடித்த சுவர் மாதிரி இருந்தது.

"இது உங்க வேலை," என்றார் டாக்டர்.

"ஆமாங்க."

"வெக்கமா இல்ல?"

"இருக்குங்க."

"இனிமே வீட்டுக்குள்ள ஒரு இழுப்புப் புகைகூட கூடாது. இப்படியே போச்சுன்னா இந்தம்மாவால படி ஏற முடியாது. அப்புறம் நடக்க முடியாது. அப்புறம்..." அவர் நிறுத்திவிட்டு மாத்திரை எழுதினார். "உங்களுக்குப் பிடிச்சே ஆகணும்னா வெளியே போய்ப் பிடிங்க."

வரும் வழியில் பெயின்டர் கேட்டார். "உனக்கு நான்தான் கிடைச்சேனா?"

"வேற யாரைச் சொல்றது? வீட்ல இருக்கிறதே மூணு பேரு. பொண்ணைச் சொல்லட்டுமா?"

அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார். "அதுவும் சரிதான்," என்றார்.

செய்தி அவர்களுக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. காலையில் அவர் வாளியும் பிரஷுமாகக் கிளம்பும்போது, "என்ன சுருட்டுக்காரரே, வேலைக்கா?" என்றார்கள். உண்மை தெரிந்தவர்கள்தான் அதிகம் கூப்பிட்டார்கள். சிலிண்டர் ரகசியம் வெளியே போகாமலிருக்க இந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்று தெருவுக்குப் புரிந்திருந்தது.

சொந்தத்தில் உண்மை சொல்லப்படாத ஒரே ஆள் மச்சான்தான். மனைவியின் அண்ணன். மர அறுவை மில்லில் வேலை. தங்கை கஷ்டப்படக் கூடாதென்று வாராவாரம் மில்லில் கழிந்த துண்டுக்கட்டைகளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து போடுவார். அந்த வாரமும் வந்தார். கயிற்றை அவிழ்க்கும்போதே தொடங்கிவிட்டார்.

"ஏன் மாப்ளே, உங்களை நல்ல மனுஷன்னு நினைச்சுல்ல என் தங்கச்சியைக் கொடுத்தோம்? இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாம ஊதித் தள்ளியிருக்கீங்க."

"தப்புதான் மச்சான்."

"அவ நெஞ்சு கரியாப் போச்சுன்னு டாக்டர் சொல்றாராமே. கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை." ஒரு கட்டை விறகை எடுத்துப் பெயின்டர் கையில் கொடுத்தார். "பிடிங்க. இது நல்ல காஞ்ச கட்டை. உங்களுக்கெல்லாம் ஈவு இரக்கமே கிடையாதா?"

பெயின்டர் வாங்கி உள்ளே அடுக்கினார். மச்சான் திட்டத் திட்ட அவர் அடுக்கினார். விறகு தீர்ந்ததும் திட்டும் தீர்ந்தது. மச்சான் தங்கை கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொண்டாறேன்மா, உனக்கு உடம்பு முடியல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எடைமேடைச் சம்பந்தி வந்தார். பெயின்டரை டீக்கடைக்கு வெளியே பெஞ்சுக்கு அழைத்துப்போய்ச் சட்டைப் பையிலிருந்து இரண்டு சுருட்டுகளை எடுத்தார்.

"நீங்க பிடிப்பீங்கன்னு வீட்ல சொன்னா. எனக்கும் உண்டு. தனியாப் பிடிக்கிறதுக்கு ஒரு துணை."

மறுத்தால் மரியாதையாக இருக்காது. பெயின்டர் வாங்கிக்கொண்டார். எந்த நுனியை வாயில் வைப்பது என்று தெரியவில்லை. சம்பந்தி வைப்பதைப் பார்த்து வைக்கலாம் என்று காத்திருந்தார். சம்பந்தியும் சுருட்டைக் கையில் உருட்டிக்கொண்டு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் வாயில் வைத்தார்கள். சம்பந்தியின் முதல் தீக்குச்சி அணைந்தது. அடுத்ததும் அணைந்தது.

"காத்து ஜாஸ்தி," என்றார் சம்பந்தி. பக்கத்து மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

பற்றிக்கொண்ட பிறகு இருவரும் இழுத்தார்கள். இருவருக்கும் கண் கலங்கியது. பெயின்டர் இருமினார். சம்பந்தி அவர் முதுகைத் தட்டிவிட்டுத் தானும் இருமினார்.

"நல்ல சரக்கு," என்றார் பெயின்டர்.

"காரம் கொஞ்சம் தூக்கல்," என்றார் சம்பந்தி.

அதற்குப் பிறகு இருவரும் சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது தானாக எரிந்து முடியும்வரை லாரிகளின் எடையைப் பற்றியும் சுவர்களின் ஈரத்தைப் பற்றியும் பேசினார்கள். பெயின்டருக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொன்னபோது, டீ தன் செலவு என்று முந்திக்கொண்டார்.

மாத்திரை தொடர்ந்தது, அடுப்பும் தொடர்ந்தது. மனைவி குடத்தைக் குழாயடியிலிருந்து எடுத்துவரும்போது பாதி வழியில் இறக்கி வைத்து நிற்கத் தொடங்கினாள். யாராவது பார்த்தால் முடியை முடிவது போலக் கையைத் தூக்குவாள். பெயின்டர் அதைப் பார்த்தார். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து அடுப்பைத் தானே ஊதினார்.

"நகருங்க. ஆம்பிளை அடுப்பு ஊதுறதைப் பாத்தா சிரிப்பாங்க."

"சுருட்டுக்காரன்தானே. ஊதிட்டுப் போறேன்."

அவருக்கு ஊதத் தெரியவில்லை. சாம்பல் பறந்து அவர் முகத்திலேயே விழுந்தது. "மூச்சை உள்ள இழுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கணும்," என்றாள் அவள். "இல்லன்னா புகையும் சேந்து உள்ள போயிடும்."

அந்த நாட்களில் அவர் ஓர் அடுக்குமாடி வீட்டில் வேலை செய்தார். அங்கே கேஸ் குழாய் வழியாகச் சுவருக்குள்ளேயே வந்தது. சிலிண்டர் என்று ஒன்று கிடையாது, தீர்ந்துபோவது என்பதும் கிடையாது. சமையலறை அவருடைய வீட்டைவிடப் பெரியது. அடுப்பின் மேல் கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் அப்படியே இருந்தது.

"அடுப்புக்கு மேல எண்ணெய் பெயின்ட் அடிச்சிடட்டுமாம்மா? புகை பட்டாலும் துடைச்சுக்கலாம்," என்று கேட்டார்.

"வேணாம். நாங்க சமைக்கிறதே இல்ல. வீடெல்லாம் வாடை வரும்," என்றாள் அந்த வீட்டு அம்மாள். "நீங்க ஜன்னலைத் திறந்து வச்சுக்குங்க. பெயின்ட் வாடை உங்களுக்கு நல்லதில்ல."

அவர் ஜன்னலைத் திறந்தார். சுவரில் பித்தளைக் குமிழ் ஒன்று இருந்தது. அதைத் திருப்பவில்லை. அதன்மேல் பெயின்ட் தெறிக்காமலிருக்கக் காகிதம் ஒட்டினார். மற்ற இடங்களில் ஒட்டுவதைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு ஒட்டினார்.

திரும்பும் வழியில் கேஸ் ஏஜென்சிக்குப் போய்ப் புது இணைப்பு கேட்டார். தெருவைச் சொன்னதும் அங்கிருந்தவர் சிரித்தார். "அது புகையில்லாத் தெருவாச்சே. உங்க எல்லாருக்கும் கொடுத்தாச்சு. முனையில போர்டே இருக்கு."

"தெரியும்," என்றார் பெயின்டர். "நான்தான் எழுதினேன்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டார்.

கல்யாணத் தேதி குறித்த பிறகு, ஒரு நாள் மத்தியானம் டோக்கன் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். மருந்து சரியாக நடக்கிறதா என்று பார்க்க வந்தாளாம். மனைவி அடுப்படியில் இருந்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. சிலிண்டர் தையல்காரர் வீட்டில் இருந்தது. பெயின்டர் பின்வாசலில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாளின் குரல் கேட்டு எழுந்தவர், சமையல்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். போக இடமில்லை.

டோக்கன் அம்மா முதலில் அடுப்பைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். வெள்ளைக்கு அடியிலிருந்து கரி வந்துவிட்டிருந்தது. கையை விரித்த ஆள் முன்பு நின்ற இடத்திலேயே நின்றான். கொஞ்சம் பழுப்பாகியிருந்தான், அவ்வளவுதான்.

"அது... இவரு சுருட்டு..." என்றாள் மனைவி.

"சுருட்டுப் புகை அடுப்புக்கு நேர் மேலதான் ஏறுமா அண்ணி?"

மனைவியின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது. அவள் எடுக்கவில்லை. பெயின்டர் பிரஷைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த பிரஷ்தான்.

"எங்களை என்ன வேணா சொல்லுங்க," என்றாள் மனைவி. "பொண்ணு நல்லவ. இந்தப் பொய்யில அவளுக்குப் பங்கு இல்ல. கல்யாணத்தை மட்டும்..."

"கல்யாணத்துக்கு என்ன வந்துச்சு? என் பையன் சிலிண்டரையா கட்டிக்கப் போறான்?" டோக்கன் அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அன்னிக்கு டாக்டர் ஊதச் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. மூச்சு இழுக்கும்போது முகத்தைத் திருப்பினீங்க பாருங்க. கேஸுல சமைக்கிறவ எவ அப்படி ஊதுவா? ஆனா சொல்ல வாய் வரலை. நானும் அதே குழாயில அப்படித்தான் ஊதினேன்."

"நீங்களா?"

"எங்க வீட்ல ஒரு சிலிண்டர் இருக்கு. துணி போட்டு மூடி வச்சிருக்கேன். யாராவது வந்தா டீ போடுவேன். மத்ததெல்லாம் பின்னாடி விறகுலதான். ரெண்டு வேளையும் அதுல சமைச்சா எங்களுக்கு எங்க கட்டுபடியாகுது?"

"பின்ன விறகு ஊதுற வீட்டுப் பொண்ணு வேணாம்னு கேட்டனுப்பினீங்க?"

"எல்லாரும் கேக்குறாங்க, நானும் கேட்டேன். கேக்கலைன்னா நம்ம வீட்ல இல்லன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

பெயின்டருக்கு வேறொரு சந்தேகம். "அப்போ சம்பந்தியோட சுருட்டு?"

"அவரா! கொசுவத்திப் புகைக்கே எழுந்து வெளிய போயிடுவாரு அந்த மனுஷன். டாக்டர் என்னைக் கேட்டப்ப நானும் அவரைத்தான் கை காட்டினேன். வேற யாரு இருக்கா? நீங்க பிடிக்கிறவருன்னு சொன்னதும், சரி, துணைக்குப் போய் உக்காருங்கன்னு நான்தான் சுருட்டு வாங்கிக் கொடுத்தனுப்பினேன். வீட்டுக்கு வந்து அன்னிக்கு ராத்திரி சாப்பிடல."

"நானும் சாப்பிடல," என்றார் பெயின்டர்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பெண்களும் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார்கள். அவர் பேனாவை மூடினார். இரண்டு கணவர்களையும் திட்டியதற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. "அப்போ கேஸுக்கு மாறுங்க," என்றார். பிறகு பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்தார். கேஸ் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கிடைக்காது. மருந்துக்கடையில் நிற்கும் மகளுக்கும் அது தெரியும்.

பெயின்டர் தையல்காரர் வீட்டுக்குப் போனார். தையல்காரர் மனைவி மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, சிலிண்டரை நான் நிரப்பிக்கிறேன். எங்க வீட்லயே இருக்கட்டும்."

மிஷின் நின்றது. "நிரப்புறதா? அதை நிரப்பிட்டா அப்புறம் எப்படிண்ணே ஊருக்குக் கொடுக்கிறது?"

"ஏன்?"

"தூக்க முடியுமா? காலியா இருக்கவுந்தானே நாலு வீட்டுக்கு உதவுது. மூணாம் வீட்டுப் பொண்ணுக்கு வர்ற வாரம் ஆளுங்க வராங்க. நாலாம் வீட்டுக்காரர் கடனுக்குச் சொல்லி வச்சிருக்காரு. உங்க பொண்ணுக்கு முடிஞ்சதும் கேஸை நிரப்பிட்டா மத்தவங்க பொண்ணெல்லாம் என்ன பண்ணும்?"

 அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதே நேரம் வெளியே குழாயடியில் அவர் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு முடியை முடிந்துகொண்டிருப்பது தெரிந்தது. தையல்காரர் மனைவியும் பார்த்தாள்.

"நான் பொல்லாதவ இல்லண்ணே," என்றாள்.

"எனக்குத் தெரியும். ஒரு வாரம் பொறு."

பழைய இரும்புக் கடையில் உருண்டையான இரண்டு பெயின்ட் டப்பாக்களைத் தேடி எடுத்தார். தகரம் பற்றவைக்கிறவரிடம் கொடுத்து, வாயோடு வாய் சேர்த்து ஒட்டவைத்தார். அடியில் ஒரு வளையம், கழுத்தில் ஒரு வளையம். கடைசித் துளையை அடைப்பதற்கு முன்னால் உள்ளே மரத்தூளை இறுக்கமாக நிரப்பினார். பிறகு வேலையைத் தொடங்கினார். சுரண்டி, கழுவி, காயவிட்டு, இரண்டு முறை பிரைமர் அடித்து, இரண்டு முறை பெயின்ட் அடித்தார். தன் வீட்டுச் சுவருக்கு ஒருநாளும் செய்யாத வேலை.

தையல்காரர் மனைவி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். விரலை மடக்கித் தட்டினாள். மணிச் சத்தம் வரவில்லை. நிறைந்த சிலிண்டர் மாதிரி, யாரோ வாயை மூடிக்கொண்டு பேசுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ஐயோ, இது அசலைவிட நல்லா இருக்கே!"

"கனமும் பாதிதான். நீயே தூக்கலாம்."

தூக்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் சாய்ந்து நடந்தும் பார்த்தாள். சம்மதித்தாள். தன் பெயரிலேயே பதிவு செய்து, ஏஜென்சிக்கும் கூடவே வந்தாள். ஒரு வாரக் கூலி அதில் போயிற்று.

நிறைந்த சிலிண்டரைப் பெயின்டர் அதற்குமுன் தூக்கியதில்லை. தோளில் வைத்துத் தெருவுக்குள் நுழைந்தபோது உடம்பு ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. பல் தானாகக் கடித்துக்கொண்டது. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, போதும் நடிப்பு, யாரும் வரலை!" என்றார் நாலாம் வீட்டுக்காரர்.

"சுருட்டுக்காரரே, கொஞ்சம் ஓவரா இருக்கு. அவ்வளவு சாய வேணாம்!"

அவரால் பேச முடியவில்லை. கால் தடுமாறியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

கல்யாணம் நடந்தது. மரத்தூள் சிலிண்டருக்குத் தெருவில் நல்ல பெயர், அடுப்பு மட்டும் பெயின்டர் வீட்டிலிருந்து கூடப் போய்வரும். மூணாம் வீட்டுப் பெண்ணுக்கும் முடிந்துவிட்டது. கடன் கொடுக்க வந்தவர் தட்டிப் பார்த்துவிட்டு உடனே சம்மதித்தாராம்.

பெயின்டர் வீட்டில் அசல் சிலிண்டர் எரிகிற நாட்களில் மனைவி குடத்தை வழியில் இறக்குவதில்லை. ஆனால் அது எரிந்துகொண்டே இருப்பதில்லை. மழைக்காலத்தில் பெயின்ட் வேலை கிடையாது. தீர்ந்தால் அடுத்த வேலை வரும்வரை விறகுதான். தீர்ந்துவிட்டதா என்று தெருவில் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை, இருமல் கேட்கும். தையல்காரர் மனைவி மிஷினை நிறுத்திக் கேட்டுவிட்டு, மறுபடி மிதிப்பாள்.

சம்பந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் வருகிறார். இப்போது சுருட்டு கொண்டுவருவதில்லை. அதே பெஞ்சில் இருவரும் டீ குடிக்கிறார்கள்.

மச்சானிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று பெயின்டர்தான் வீட்டில் சொல்லி வைத்திருந்தார். மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம் மச்சான் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, விறகு நனையாமல் தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்திக் கொண்டுவந்தார். உள்ளே தங்கை இருமுவது கேட்டது. கயிற்றை அவிழ்த்த கை நின்றது.

"நீங்க இன்னும் விடலை, இல்ல மாப்ளே?"

"குறைச்சிருக்கேன் மச்சான்," என்றார் பெயின்டர்.

"குறைச்சுக் கிழிச்சீங்க," என்று ஒரு கட்டை விறகை எடுத்து அவர் கையில் வைத்தார். பெயின்டர் அதை வாங்கிக்கொண்டுபோய் அடுக்கிவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினார்.